பேய் இல்லை என்றோம் — பிறகு?

கூட்டம் முடிந்துவிட்டது. தோழர்கள் ஒலிபெருக்கியைக் கழற்றிக் கொண்டிருந்தார்கள். ஏரியூர்க் கடைத்தெருவில் ஒரே ஒரு தேநீர்க் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. பென்னாகரம் திரும்ப வேண்டும், நேரமாகிறது என்று கார் ஓட்டி வந்தவர் நினைவூட்டினார். அப்போதுதான் அந்த மூதாட்டி மேடையருகே வந்து நின்றார்.

வயது எழுபதுக்குக் குறையாது. கையிலே ஊன்றுகோல். இரண்டு மணி நேரம் தரையில் அமர்ந்து நம் பேச்சைக் கேட்டிருக்கிறார். பாராட்ட வந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டோம். மேடை ஏறுகிறவனுக்கு அந்தச் சபலம் எப்போதும் உண்டு! அவர் பாராட்ட வரவில்லை. கேள்வி கேட்க வந்தார்.

"ஏனுங்க, பேயி கெடையாது, பிசாசு கெடையாதுன்னு மைக்குல சொன்னீங்களே. அப்படீன்னா எம் பேரனுக்கு வந்திருக்கறது என்னங்க?"

பேரனுக்கு வயது பதினாறு. பதினோராம் வகுப்பு. தாயும் தந்தையும் பெங்களூரிலே கட்டட வேலை. மூன்று மாதமாகப் பையன் இரவிலே தூங்குவதில்லை. பகலிலே சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடக்கிறான். பந்தும் மட்டையும் மூலையில் கிடக்கின்றன. தட்டில் போட்ட சோறு தட்டிலேயே காய்கிறது. "என்னமோ யோசிச்சுக்கிட்டே கெடக்கறானுங்க" என்றார் ஆயா. பள்ளியிலே சோம்பேறி என்றார்களாம். மாமன்காரர் கொழுப்பு என்றாராம். பூசாரி, காற்று கருப்பு அண்டியிருக்கிறது என்றாராம். ஆட்டுக்குட்டி ஒன்றை விற்று மந்திரித்துத் தாயத்துக் கட்டியாகிவிட்டது. பையன் எழுந்திருக்கவில்லை.

"டாக்டரிடம் காட்டுங்கள் ஆயா" என்றோம்.

"எந்த டாக்டருங்க? காச்சலா, வவுத்து வலியா? என்னான்னு சொல்லிக் காட்டறது?"

வாயடைத்து நின்றோம். இரண்டு மணி நேரம் அடைமழையெனக் கொட்டிய வாய், ஒரு கிழவியின் இரண்டு கேள்விகளுக்கு முன்னே வற்றிப் போயிற்று.

வழி நெடுக அந்தக் கேள்விகளே நம்முடன் வந்தன. பேய் இல்லை என்று எடுத்துச் சொன்னோம், சரி. பூசாரியின் உடுக்கையைப் பறித்தோம்; சரி. ஆனால் அந்த உடுக்கைச் சத்தம் எந்த வேதனைக்கு மருந்தென்று நம்பி அந்த ஏழை ஆட்டுக்குட்டியை விற்றாரோ, அந்த வேதனைக்கு நாம் என்ன கொடுத்தோம்? பொய்யை விரட்டினோம், அந்த இடத்தில் மெய்யை உட்கார வைத்தோமா? இல்லை, தோழர்களே, இல்லை! பாதி வேலையைச் செய்துவிட்டு முழுக் கைதட்டலை வாங்கிக் கொண்டோம். மீதிப் பாதியைத்தான் இன்று எழுத முனைகிறோம்.

தலையெழுத்து அல்ல — தண்ணீர்!

ஏரியூர், தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்தை அடுத்த ஊர். ஒகேனக்கல்லில் பாய்ந்து விழுந்த காவிரி, மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாகப் பரந்து கிடப்பது இந்தப் பக்கத்தில்தான். 1934-இல் அணை எழுந்த நாள் முதல் கண்ணெதிரே கடல் போலத் தண்ணீர். காட்டிலோ வானம் பார்த்த பயிர்! நாகமரைக் கரையில் நின்றால் அக்கரை சேலம் மாவட்டம். பிழைப்புத் தேடி இம்மக்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். பிள்ளைகள் ஊரிலே, பாட்டியின் பொறுப்பிலே.

இந்த மாவட்டத்து மக்களுக்கு ஒரு பழைய கதை தெரியும். சின்னஞ்சிறு பிள்ளைகளின் பல்லிலே பழுப்புக் கறை. நடுத்தர வயதிலேயே மூட்டு இறுகி, முதுகு வளைந்த ஆண்களும் பெண்களும். தலையெழுத்து என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. முன்வினை என்று ஆறுதல் தேடியவர்கள் உண்டு. விஞ்ஞானம் வந்து நிலத்தடி நீரைச் சோதித்தது. தலையெழுத்து அல்ல, தண்ணீரில் அளவுக்கு மீறிக் கலந்திருந்த புளோரைடு என்று கண்டு சொன்னது.

காரணம் தெரிந்தது, பரிகாரம் பிறந்தது. சுமார் 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் கலைஞர் அடிக்கல் நாட்டினார். 2013-இல் மாற்றார் ஆட்சியில் திறக்கப்பட்டது. யார் நட்டார், யார் திறந்தார் என்று மேடையிலே வாதிடலாம். குழாயடியிலே குடம் நிரம்பும்போது காவிரிக்குக் கட்சி கிடையாது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? முதுகு வளைந்தால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட நாடு, மனம் வளைந்தால் மட்டும் இன்னும் மை போட்டுப் பார்க்கிறதே, ஏன்? மனமும் உடலின் ஒரு பகுதிதானே! மூளை என்பதும் இதயம் போல, ஈரல் போல ஓர் உறுப்புத்தானே! ஈரல் நோய்ப்படும் என்றால் மூளை நோய்ப்படாதா? காமாலைக்கு நாணாதவர்கள் மனச்சோர்வுக்கு நாணுவானேன்?

வகுப்புக்கு மூவர்

பெங்களூரிலே நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவ நிலையம் இருக்கிறது. ஏரியூர்ப் பையனின் தந்தை செங்கல் சுமக்கும் அதே பெங்களூரிலே! அந்த நிலையம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. 13 முதல் 17 வயது வரையிலானோரில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக அந்த ஆய்வு கண்டது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையிலே ஏறத்தாழ மூன்று பேர். உலக சுகாதார நிறுவனமோ, உலகெங்கும் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு இத்தகைய தொல்லை என்கிறது.

ஏரியூரில் மட்டும் பேய் வந்து அப்பிக் கொண்டது என்றால், இலண்டனிலும் டோக்கியோவிலும் அப்பியது எந்தப் பேய்?

பதினான்கு, பதினைந்து, பதினாறு வயது என்பது உடம்பு ஒருபுறமும் உள்ளம் ஒருபுறமும் இழுக்கும் பருவம். உறக்கம் வரும் நேரமே இந்த வயதில் பின்னோக்கித் தள்ளிப் போகிறது. விடியற்காலையில் எழுப்பினால் எழ மறுப்பது எல்லாமே சோம்பல் அல்ல. முகத்திலே பரு வந்தாலும் உலகமே கேலி செய்வதாகத் தோன்றும். நண்பன் ஒருவன் முகம் திருப்பினாலும் வானம் இடிந்து விழுந்ததாகத் தோன்றும். இவையெல்லாம் நோயா? அல்ல. வருத்தம் என்பது வாழ்க்கையின் பங்கு. மழை போல வரும், பெய்யும், வெளுக்கும். அதற்கு வேண்டியது மருந்து அல்ல. காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகியும் மழை விடவில்லை என்றால்? தூக்கம் கெட்டு, பசி கெட்டு, படிப்பு கெட்டு, நேற்று வரை துள்ளி ஓடிய ஆட்டத்திலும் நாட்டம் கெட்டுக் கிடந்தால்? எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால்? "நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்று ஒரு சொல் வாயில் வந்தால்? அப்போது மருத்துவர் வேண்டும். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் ஊசி போடும் இடத்துக்குத் தூக்கிக் கொண்டு ஓடுகிறோமே, அதே போல!

பையன் வாடினால் கொழுப்பு என்கிறோம். பெண் வாடினால் என்ன சொல்கிறோம்? முதலில் பேய் என்கிறோம். பேய் போகவில்லை என்றால் தாலி என்கிறோம்! "கலியாணம் கட்டி வெச்சா எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லி, பதினெட்டு நிறையாத பிள்ளையைப் பந்தலில் உட்கார வைக்கும் கொடுமை தருமபுரிப் பக்கத்திலே இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், தன் மனத்தின் சுமையையே தாங்கமாட்டாமல் தவிக்கும் பெண்ணின் தோளில் ஒரு குடும்பத்தின் சுமையையும் ஏற்றுவதா வைத்தியம்?

சங்கிலியும் சாவியும்

பிரெஞ்சுப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில், பாரிசு நகரத்து விடுதிகளில் மனநோயாளிகளைக் கட்டியிருந்த சங்கிலிகளைப் பூசென் என்ற பணியாளரும் பினேல் என்ற மருத்துவரும் அகற்றத் தொடங்கினார்கள். வெறிநாய்களெனக் கருதப்பட்டவர்கள் மனிதர்களாக நடந்தார்கள். அது நடந்து இருநூறு ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்டு 6 அன்று, நம் தமிழகத்திலே, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

அவர்களைக் கொன்றது நெருப்பு மட்டுமா? "இது மருத்துவர் தீர்க்கும் நோயல்ல" என்ற நம்பிக்கைதான் அவர்களை அங்கே கொண்டுபோய்க் கட்டியது. கோவில் என்றாலும் தர்கா என்றாலும் மாதா கோவில் என்றாலும் அந்தச் சங்கிலியின் இரும்பு ஒன்றுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தலையிட்டது, கொட்டகைகள் மூடப்பட்டன. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அரசு மனநல மருத்துவத்தை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தது. வேண்டுதலை நிறுத்தாமலே மருந்தையும் வாங்கிக் கொள்ளலாம் என்ற ஏற்பாடு. பகுத்தறிவு பேசும் நமக்கு இது கசக்கிறதா? கசக்கவில்லை. நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போக வேண்டும். நம்பிக்கையோடு வாதாடுவது நம் வேலை. நோயாளியோடு வாதாடுவது நம் வேலையல்ல.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871-இல் தொடங்கிய மருத்துவமனையை "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்று சொல்லிச் சொல்லியே ஊரை அச்சுறுத்தி வைத்திருக்கிறோம். அந்த மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமை ஏற்று நடத்தியவர் ஒரு பெண்மணி, மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். பூட்டி வைக்கும் இடத்தைக் குணப்படுத்தி அனுப்பும் இடமாக்கப் பாடுபட்டவர். 1984-இல் "ஸ்கார்ப்" என்ற நிறுவனத்தையும் தொடங்கி, 2021-இல் 98 வயதில் மறைந்தார். இப்படிப்பட்டவர்களின் பெயர் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. குறி சொல்கிறவரின் கைபேசி எண் மட்டும் மனப்பாடம்!

மதிப்பெண்ணும் மனிதனும்

தேர்வைப் பற்றிப் பேசாமல் இளைஞர் மனத்தைப் பற்றிப் பேச முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நாடு மறக்கவில்லை. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 1200-க்கு 1176 மதிப்பெண். அந்த மதிப்பெண்ணால் மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறக்க முடியாதபடி 'நீட்' குறுக்கே நின்றது. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். 2021 செப்டம்பரில் கழக அரசு விலக்குச் சட்டம் நிறைவேற்றியது, திரும்பி வந்தது, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் செய்தி வந்தது. அந்தப் போராட்டம் நீதியானது. அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் மேடையேறும் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணவர் ஒருவரின் மரணத்தைப் பேசும்போது, அடுக்குமொழி நம்மை அறியாமலே வந்து விழுகிறது. மரணத்தைத் தியாகமாக்குகிறோம், தியாகத்தைக் காவியமாக்குகிறோம். கூட்டத்தின் ஓரத்தில், மூன்று மாதமாகத் தூங்காத ஒரு பையன் நின்று கேட்கிறானே, அவன் காதில் அது என்னவாக விழுகிறது? "உயிரோடு இருக்கும்போது யாரும் என் பெயரைச் சொல்லவில்லை; போனால் சொல்வார்கள் போலிருக்கிறது" என்றல்லவா விழும்! இழப்பை இழப்பு என்றே சொல்வோம். அநீதியை அநீதி என்றே சொல்வோம். சாவைப் பாட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் வாழ்ந்திருக்க வேண்டியவர்கள். அதுதான் நம் வாதத்தின் உயிர்நாடி.

நாடு நினைத்தால் சுமையைக் குறைக்கவும் முடியும். ஒரு பாடத்தில் தவறியவன் ஓர் ஆண்டு முழுவதும் ஊரார் வாயில் விழுந்து கிடந்த காலம் உண்டு. தமிழ்நாட்டிலே உடனடித் துணைத் தேர்வு வந்தது. தவறியவன் சில வாரங்களில் மீண்டும் எழுதி, அதே ஆண்டில் மேலே படிக்க வழி பிறந்தது. 2017-இல் பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அப்போது ஆண்டது நம் கழகம் அல்ல. செய்தது நல்ல காரியம். அரசு அதை நிறுத்திய பிறகும் வீட்டிலே நிறுத்தாதவர்கள் நாம்தான். "பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு?" என்ற கேள்வி இன்னும் திண்ணை தோறும் முழங்குகிறது.

கேட்பது என்னும் வைத்தியம்

இனி ஆயாவின் கேள்விக்கு வருவோம். என்ன செய்வது?

1935-இல் இங்கிலாந்திலே சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கை நடத்தினார். அவளுக்கு வயது 14. முதல் மாதவிலக்கைக் கொடிய நோய் என்று எண்ணி, யாரிடமும் கேட்க நாணி, உயிரை விட்டுவிட்டாள். யாரேனும் ஒருவர், ஒரே ஒருவர், ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த நினைவு அவரை விடவில்லை. 1953-இல் இலண்டனில், துயரப்படுகிறவர்கள் அழைத்துப் பேச ஒரு தொலைபேசியை வைத்தார். வரிசையில் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்களையும் வைத்தார். விந்தையைப் பாருங்கள்: பலர் தேநீர் கொடுத்த தொண்டரிடமே மனம் விட்டுப் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பிப் போனார்கள்! உபதேசம் தேவைப்படவில்லை, காது தேவைப்பட்டது. அந்த வழியிலே 1986-இல் சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கியதுதான் "சினேகா".

இன்னொரு செய்தி, இது ஏரியூர் ஆயாவுக்கென்றே நடந்தது போன்ற செய்தி. ஆப்பிரிக்காவிலே ஜிம்பாப்வே நாடு. கோடிக்கு மேல் மக்கள். மனநல மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-இல் என்ன செய்தார்? அராரே நகரத்து ஏழைக் குடியிருப்பில் பதினான்கு பாட்டிமார்களைத் திரட்டினார். எப்படிக் கேட்பது, எப்படிப் பேசுவது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்று பயிற்சி கொடுத்தார். மருத்துவ நிலையத்தின் முற்றத்தில் மரப் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். "நட்பு பெஞ்சு" என்று பெயர். அவ்வூர் மொழியிலே மனச்சோர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லின் பொருள் என்ன தெரியுமா? அளவுக்கு மீறி யோசிப்பது! "என்னமோ யோசிச்சுக்கிட்டே கெடக்கறான்" என்று ஏரியூர் ஆயா சொன்னாரே, அதே நோய்க்குறி. கடல் கடந்து அதே சொல்! பெரியவர்களிடையே நடந்த ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சுக்கு வந்தவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் நன்றாகத் தேறியிருந்தார்கள். 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்து ஏடு அந்த முடிவை வெளியிட்டது.

பாட்டியால் என்ன ஆகும் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது? பிள்ளையின் பக்கத்திலே உட்காருங்கள். எதிரே நின்று விசாரணை நடத்தாதீர்கள். "உனக்கென்னடா குறை?" என்று தொடங்காதீர்கள், அது கேள்வி அல்ல, தீர்ப்பு. "கொஞ்ச நாளா நீ வாடியிருக்கறயே சாமி, என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அழுதால் அழ விடுங்கள். ஆண் பிள்ளை அழலாமா என்று சொல்லாதீர்கள். உங்கள் காலத்துக் கஷ்டத்தை எடுத்து அளக்காதீர்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையா என்று ஐயம் எழுந்தால், அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அடைத்து வைத்த துயரம் வெளியே வர வழிதான் பிறக்கும். ஆம் என்றால் அன்றே மருத்துவ உதவி. அதுவரை தனியே விடாதீர்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். துயரத்தை மறக்க மதுக்குப்பியைத் தேடினால் நாளைக்கு இரண்டு துயரம். விடிய விடியக் கைபேசியின் வெளிச்சத்தில் கிடந்தால் தூக்கம் இன்னும் தொலையும். தன் உடம்பைத் தானே வருத்திக் கொள்வதால் மனத்தின் வலி தீராது. வேறென்ன செய்யலாம்? வெளியே வாருங்கள். நடங்கள், ஓடுங்கள், பந்தாடுங்கள், பறை அடிக்கத் தெரிந்தால் அடியுங்கள். உடம்பு அசைந்தால் மனமும் அசையும். வேளைக்குத் தூங்கி வேளைக்கு எழப் பழகுங்கள். நெஞ்சில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு வேண்டுமானால் கிழித்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். நண்பன் உங்களிடம் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினால்? உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அந்தச் சத்தியத்தை மீறுங்கள். நட்பைக் காப்பதைவிட நண்பனைக் காப்பது பெரிது.

உதவி கேட்பது கோழைத்தனம் என்று யார் சொன்னது? 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர். தன்னைத் தாழ்ந்தவன் என்று எண்ணிக் கூனி நின்றவனை நிமிர வைத்த இயக்கம். தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று எண்ணிச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பிள்ளையும் நிமிர வேண்டியவன்தான். "எனக்கு முடியவில்லை, கை கொடுங்கள்" என்று சொல்வதிலே மானக்கேடு இல்லை. அப்படிச் சொல்ல விடாமல் அடிப்பதிலேதான் மானக்கேடு.

எந்த டாக்டர்?

ஆயாவின் இரண்டாவது கேள்விக்கும் விடை சொல்ல வேண்டுமல்லவா? 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், இரவும் பகலும், காசில்லாமல், தமிழிலே மனநல ஆலோசனை கிடைக்கும். 2022-இல் நாடெங்கும் தொடங்கிய சேவை இது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். 104 என்ற எண்ணும் உண்டு. சிறுவர் சிறுமியருக்கு 1098. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவர்கள் இருக்கிறார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "பையன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை" என்று சொன்னால் போதும். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. உயிரை மாய்த்துக் கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தக்கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கருத்து. ஆகவே போலீசுக்கு அஞ்சி மருத்துவத்தை மறைக்க வேண்டியதில்லை.

ஆள்வோர்க்கும் சொல்கிறோம், யார் ஆண்டாலும் சொல்வோம்: நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. சென்னையில் மட்டும் அது நடந்தால் போதாது. பேருந்து அரிதாக வரும் மலையடிவாரத்துப் பள்ளியிலும் நடக்க வேண்டும். பெற்றோர் ஊரில் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அந்த நாற்காலி முதலில் தேவை.

கழகத் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஊர்தோறும் படிப்பகம் கட்டினோம். ஒருவர் ஏடு படிக்க, பத்துப் பேர் கேட்டு அறிவு பெற்ற இடங்கள் அவை. இன்று பல படிப்பகங்களில் பெஞ்சு இருக்கிறது. அமர ஆள் இல்லை. அந்தப் பெஞ்சில் மாலை ஒரு மணி நேரம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரோ, செவிலியர் ஒருவரோ, அன்புள்ள ஆயா ஒருவரோ உட்காரட்டும். மருத்துவரை அழைத்து அவர்களுக்குப் பயிற்சி கொடுப்போம். அந்த எண்களைச் சுவரிலே பெரிதாக எழுதுவோம். தேர்தல் சின்னம் வரைந்த அதே கையால் எழுதுவோம்!

ஏரியூர்ப் பையன் என்ன ஆனான்? உள்ளூர்த் தோழர் ஒருவர் அவனையும் ஆயாவையும் தருமபுரிக்குப் பேருந்தில் அழைத்துப் போனார். மருத்துவர் அவனோடு தனியே அரை மணி நேரம் பேசினார். திரும்பி வரும்போது பையன் தோழரிடம் சொன்னானாம்: "மூணு மாசத்துல எங்கிட்ட என்ன ஆச்சுன்னு கேட்ட மொத ஆளு அவருதாண்ணே."

பெங்களூரிலிருந்து தந்தை இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் இன்னும் முழுதும் தேறவில்லை. சில நாள் பள்ளிக்குப் போகிறான். சில நாள் போவதில்லை. இரவிலே தூங்குகிறான். மாத்திரையை ஆயா கையால் கொடுக்கிறார். தாயத்து இன்னும் கையில் இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் ஆயிற்று என்று நாம் நிபந்தனை போடவில்லை. பையன் முதலில் எழுந்து நடக்கட்டும். தாயத்தைப் பற்றிப் பிறகு அவனே யோசிப்பான்.

மீண்டும் ஏரியூர் மேடைக்குப் போவோம். பேய் இல்லை என்று மீண்டும் சொல்வோம். ஆனால் இம்முறை அங்கே நிறுத்தமாட்டோம். பேய் இல்லை, நோய் உண்டு. நோய்க்கு மருந்து உண்டு. மருந்துக்கு முன்னால் பேச ஒரு வாயும் கேட்க ஒரு காதும் உண்டு. அந்தக் காது, தோழர்களே, நம்முடையதாக இருக்கட்டும்!